கொடைக்கானலில் பழகி அல்கான்குவின் ஏரிகளுக்கு: கனூப் பயணத்துக்கான ஆயத்தம்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி மாலை நடை போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்காவது கனடாவின் டொரான்டோவிலோ ஸ்காபரோவிலோ மகனோ மகளோ அக்கா பிள்ளையோ இருப்பது தெரியவரும். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நயாகரா அருவியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதே வழக்கம். டொரான்டோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் காரில் போனால் அல்கான்குவின் மாகாணப் பூங்கா வந்துவிடும் என்பதும், 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அந்தக் காடு நமது திண்டுக்கல் மாவட்டத்தைவிடப் பெரியது என்பதும், அதற்குள் 2,400க்கும் மேற்பட்ட ஏரிகள் கிடக்கின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்த ஏரிகளுக்குச் சாலை கிடையாது. கூடாரத்தையும் உணவையும் கனூ என்னும் ஒல்லியான படகில் ஏற்றி, ஒரு ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து, கரையில் இறங்கிப் படகைத் தோளில் சுமந்து அடுத்த ஏரிக்கு நடந்து, இரவில் கரையோரம் தங்கி, மறுநாள் மீண்டும் கிளம்ப வேண்டும். அப்படி நான்கைந்து நாள் போய்வர விரும்பும் மலைவாசிகள் ஊரில் இருந்தபடியே எப்படித் தயாராகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். ஆறு மாத அவகாசம் போதும்.

இதையே நம் மலையில் செய்யக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். முடியாது. பேரிஜம் ஏரி வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காட்டுக்குள் இருக்கிறது. அனுமதிச் சீட்டுப் பெற்றுப் பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாமே தவிர, இரவு தங்க இடமில்லை. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது. நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகியவை மின்உற்பத்திக்காகக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். அவற்றைச் சுற்றியும் காப்புக்காடுதான். இவை அடங்கிய குந்தா மின்திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியோடு கட்டப்பட்டது. கனூவின் தாயகம் நமக்குப் பல ஏரிகளைக் கட்ட உதவியிருக்கிறது, அவற்றில் கனூ விடத்தான் நமக்கு வழியில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தத் தடை நியாயமானது என்றே கருதுகிறேன். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த விதிகளை மீறிக் காட்டு ஏரிக்கரையில் கூடாரம் அடிப்பதற்கு யார் வழி சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஆக, முழுப் பயணத்தையும் இங்கே ஒத்திகை பார்க்க முடியாது. அதைத் துண்டு துண்டாகப் பழகலாம். துடுப்பு ஓரிடத்தில், சுமை வேறிடத்தில், சமையலும் தூக்கமும் வீட்டு முற்றத்தில்.

துடுப்பு

கொடைக்கானல் ஏரியை 1863ஆம் ஆண்டில் லெவிஞ்ச் துரை உருவாக்கியது முதல் இங்கே படகு ஓடிக்கொண்டிருக்கிறது. 1890இல் படகுக் குழாமும் வந்துவிட்டது. ஆனால் நாம் இங்கே வலிக்கும் படகுக்கும் கனூவுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. வலிபடகில் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படகின் விளிம்பில் பொருத்திய இரண்டு தண்டுகளை இழுக்கிறோம். கனூவில் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, எதிலும் பொருத்தப்படாத ஒற்றைத் துடுப்பை இரு கையாலும் பிடித்து ஒரு பக்கமாகப் போடுகிறோம். எனவே ஏரியில் வாரம் இரண்டு முறை படகு வலிப்பதால் முதுகும் தோளும் உறுதிப்படும், காற்று எந்த முனையிலிருந்து எப்போது கிளம்புகிறது என்று நீரின் சுருக்கத்தைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் வரும். கனூவைச் செலுத்தும் திறன் வராது.

அதற்கு நெருக்கமான பாடம் மன்னவனூரில் கிடைக்கிறது. அங்கே சூழல் சுற்றுலாப் பகுதியில் உள்ள ஏரியில் பரிசல் விடுகிறார்கள். பரிசலுக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. துடுப்பைத் தவறாகப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். பரிசல்காரர் துடுப்பைத் தமக்கு முன்னே தூரத்தில் ஊன்றித் தம்மை நோக்கி இழுப்பதைக் கூர்ந்து கவனியுங்கள். கனூவைப் பக்கவாட்டில் நகர்த்திக் கரையோடு ஒட்டச் செய்யும் இழுப்பும் அதே அசைவுதான். உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல், கரையருகில் சில நிமிடம் துடுப்பைத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மீதியைத் தரையிலேயே பழகலாம். கனூவில் இருவர் இருப்பார்கள். அணியத்தில், அதாவது முன்முனையில், இருப்பவர் வேகம் தருகிறார், பாறை கண்டால் குரல் கொடுக்கிறார். அமரத்தில், அதாவது பின்முனையில், இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் பின்னால் இருப்பவரின் வீச்சுக்குத்தான் படகு திரும்பும். அவர் வலப்பக்கம் போட்டால் படகு இடப்பக்கம் போகும். அதைச் சரிசெய்யத் துடுப்பை உடனே வெளியே எடுக்காமல், வீச்சு இடுப்பைத் தாண்டியதும் துடுப்பின் மேல்முனையைப் பிடித்த கையின் பெருவிரல் கீழ்நோக்கித் திரும்பும்படி மணிக்கட்டைச் சுழற்றி, துடுப்பின் அகன்ற அடிப்பகுதியான அலகால் நீரைப் படகிலிருந்து வெளிப்புறமாக மெல்லத் தள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு ஜே எழுத்தின் பெயர். பெருவிரல் மேல்நோக்கித் திரும்பினால் படகு ஓரளவு நேராகும், ஆனால் வேகம் அறுந்துபோகும். புதிதாகப் பழகுகிறவர் பத்தில் ஒன்பது பேர் செய்வது இதைத்தான். துடைப்பக்கட்டையை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஐம்பது முறை பெருவிரலைக் கீழே திருப்பிப் பழகினேன். வீட்டில் சிரித்தார்கள், அல்கான்குவினில் முதல் நாளே படகு நேராகப் போனது.

கையால் மட்டும் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் தோள் வலி எடுத்துவிடும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, கீழ்க்கையை நீட்டி, அலகை முழுக்க நீரில் புதைத்த பிறகே இழுக்க வேண்டும்.

சுமை

கனூப் பயணம் என்றதும் எல்லாரும் துடுப்பைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் ஒரு பயணம் இனிப்பதும் கசப்பதும் சுமையைப் பொறுத்தே அமைகிறது. ஏரிகளுக்கு இடையே உள்ள சுமைப் பாதை இருநூறு மீட்டராகவும் இருக்கும், இரண்டு கிலோமீட்டராகவும் இருக்கும். வேர், சேறு, பாறை எல்லாம் உண்டு. அல்கான்குவின் வரைபடத்தில் இந்தத் தூரங்களை மீட்டரில் குறித்திருப்பார்கள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியில் இன்னும் ‘ராட்’ என்ற பழைய அளவில் சொல்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தம் பங்குச் சுமையை ஒரே நடையில் எடுத்துப் போனால் ஒரு கிலோமீட்டர்ப் பாதைக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கிறார். சுமை இரண்டாகிவிட்டால் போய், திரும்பி வந்து, மறுபடி போக வேண்டும். அது மூன்று கிலோமீட்டர். மூன்று சுமையென்றால் ஐந்து. ஒரு நாளில் நான்கு பாதைகள் இருந்தால் இந்த வேறுபாடு என்னவாகும் என்பதைத் தோட்டத்திலிருந்து மெயின்ரோட்டுக்கு மூட்டை சுமந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இருவர் செல்லும் பயணத்துக்கு மொத்தம் ஒரு படகு, இரண்டு முதுகுப்பை, கையில் துடுப்புகள் என்பதே எல்லை. ஒருவர் படகையும் சிறிய பையையும், மற்றவர் பெரிய பையையும் எடுத்தால் ஒரே நடையில் முடியும். பழகாதவர்கள் இருநடையாக வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் கூடாது.

கனூவின் நடுவே குறுக்காக ஒரு கட்டை இருக்கும். கழுத்துக்கு இடம்விட்டு வளைத்துச் செதுக்கிய அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நம் நுகத்தடிக்கான சொல்லேதான். படகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நுகத்தை இரு தோளிலும் தாங்கி நடக்க வேண்டும். கெவ்லார் இழையால் செய்த பதினாறு பதினேழு அடிக் கனூ ஏறத்தாழ 18 முதல் 20 கிலோ இருக்கும். அலுமினியப் படகு 30 கிலோவைத் தாண்டும். வாடகை கூடுதலானாலும் கெவ்லார் படகையே எடுங்கள். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நுகம் எலும்பில் அழுத்தும் இடத்துக்கு நம் ஊர்ச் சும்மாடு உதவும். ஒரு பருத்தித் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டால், அங்கே விற்கும் மெத்தைப் பட்டைகளுக்கு அது எந்த வகையிலும் குறைவில்லை.

பழகுவதற்கு மலை போதும். ஏரியைச் சுற்றி வரும் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதது. முதல் மாதம் முதுகில் எட்டுக் கிலோ அரிசியோடு ஒரு சுற்று, பிறகு வாரத்துக்கு ஒரு கிலோ என்று கூட்டி, இருபதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கட்டமாக வட்டக்கானல் பக்கத்து இறக்கங்களில் பத்துப் பன்னிரண்டு கிலோவோடு இறங்கி ஏறுங்கள். சுமையோடு ஏறும்போது முழங்கால் தாக்குப்பிடித்துவிடும், இறங்கும்போதுதான் கெஞ்சும். காலையில் பனி விலகாத நேரத்தில் காட்டுமாடு பாதையில் நிற்கலாம் என்பதால் வெளிச்சம் வந்த பிறகே போவது நல்லது.

என் முதல் பயணத்தில் மூன்று லிட்டர் குக்கரும், ஒரு டப்பா இட்லி மாவும் கொண்டுபோனேன். மாவு இரண்டாம் நாள் பொங்கிப் பையெல்லாம் வழிந்தது. குக்கரை நான்கு நாளும் சுமந்தேன்.

சாப்பாடு

அல்கான்குவின் உட்பகுதிக்குத் தகர டப்பாக்களும் கண்ணாடிப் புட்டிகளும் கொண்டுபோகக் கூடாது. ஊறுகாய்ப் புட்டி அங்கே ஆகாது. நமக்கு இது ஒரு குறையில்லை; உலர்பொருளில் சமைப்பது நம் வீடுகளில் பழகியதுதான். அவல், வறுத்த ரவை, சத்துமாவு, பாசிப்பருப்பு, உலர்ந்த புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கடலைமிட்டாய், வெல்லம் ஆகியவை எடைக்கு எடை நிறையச் சத்துத் தருபவை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உலர்பொருளாக எழுநூறு கிராம் என்று கணக்கிட்டு, வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். இவற்றை இங்கிருந்து விமானத்தில் சுமக்க வேண்டாம். ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் எல்லாம் கிடைக்கும். கருவாடு மட்டும் கூடவே கூடாது. அங்கே கருங்கரடி உண்டு, அதன் மூக்கு நம்முடையதைப் போலன்று.

உணவுப்பையைக் கூடாரத்துக்குள் வைக்காமல், இரவில் தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்திலும் அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியும் கிளையில் தொங்கவிட வேண்டும். பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் அதே பைக்குள் போக வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிளைக்கு மேல் எறிவது கேட்க எளிது; இருட்டில் முதன்முறை முயன்றால் அரை மணி நேரம் ஆகும். முற்றத்து மரத்தில் பழகிவிட்டுப் போங்கள்.

அடுப்புக்கான எரிபொருள் கணக்கை இங்கேயே பார்க்கலாம், அதில் ஓர் ஆதாயமும் உண்டு. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேக நேரம் எடுக்கிறது. அல்கான்குவின் ஏரிகள் நம்மைவிட மிகத் தாழ்வானவை. இங்கே மூடியுள்ள பாத்திரத்தில் ஒரு வேளைக்கு எவ்வளவு எரிவாயு செலவாகிறது என்று எடைபோட்டு வைத்துக்கொண்டால் அங்கே பருப்பு வேக அதைவிடக் குறைவாகவே ஆகும். ஏரி நீரை அப்படியே குடிக்கக் கூடாது. வடிகட்ட வேண்டும் அல்லது கொதிக்கவைக்க வேண்டும். தளதளவென்று கொதித்த பின் அங்கே ஒரு நிமிடம் போதும், 2,000 மீட்டருக்கு மேலுள்ள நம் ஊரில் மூன்று நிமிடம்.

தண்ணீரின் குளிர்

நம் மலைக்காரர்களிடம் ஒரு தன்னம்பிக்கை உண்டு: டிசம்பர் உறைபனியிலேயே விடிகாலை எழுந்து போகிறோம், கனடாக் கோடை என்ன செய்துவிடும் என்று. காற்றின் குளிருக்குப் பழகிய உடம்பு, தண்ணீரின் குளிருக்குப் பழகியதாக ஆகிவிடாது. மே மாதத்தில் அந்த ஏரிகளில் பனிக்கட்டி உருகி நாளாகியிருக்காது. அங்கே ஒன்று, பத்து, ஒன்று என்ற கணக்கைக் கற்றுத்தருகிறார்கள். படகு கவிழ்ந்து குளிர்நீரில் விழுந்தால், முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அப்போது நீந்த முயலாமல் மூச்சை மட்டும் நிதானப்படுத்த வேண்டும். அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். படகைப் பற்றுவதோ கரையேறுவதோ அதற்குள் நடக்க வேண்டும். உடல்வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால்தான் இந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். பலர் குளிரால் சாவதற்கு முன்பே, முதல் நிமிடத்துத் திணறலில் நீரைக் குடித்து மூழ்கிவிடுகிறார்கள். கிணற்றில் குதித்து நீந்தி வளர்ந்தவருக்கும் இது பொருந்தும்.

ஆகவே அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் போட்டிருக்க வேண்டும். கனடாச் சட்டப்படி ஆளுக்கொரு அங்கி, ஊதல், நீர் இறைக்கும் குவளை, 15 மீட்டர் மிதவைக் கயிறு ஆகியவை படகில் இருந்தாக வேண்டும். வாடகைக்குத் தருபவரிடம் கேட்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கவிழ்ந்த படகை விட்டு நீந்திப் போகாதீர்கள், நீர் நிறைந்தாலும் அது மிதக்கும். மாற்றுடை ஒரு செட்டும் தூக்கப்பையும் நீர்புகாப் பைக்குள் கட்டப்பட்டு, எந்நேரமும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

கவிழாமல் இருக்க வழி, காற்றை மதிப்பதுதான். விடியலில் ஏரி கண்ணாடிபோல் கிடக்கும். நண்பகலுக்கு மேல் காற்று எழும். ஐந்தரைக்கு எழுந்து ஆறரைக்குப் படகில் ஏறி, இரண்டு மணிக்குள் அன்றைய தங்குமிடத்தை அடைந்துவிடும்படி திட்டமிடுங்கள். சுமையேற்றிய கனூ மணிக்கு நான்கு கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். நடு ஏரியைக் குறுக்கே வெட்டிப் போவது தூரத்தைக் குறைக்கும் என்றாலும், புதியவர்கள் நீந்தி எட்டக்கூடிய தொலைவில் கரையை ஒட்டியே போக வேண்டும். இடி காதில் விழுந்தவுடன் கரையேறி, கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் காத்திருங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு மலைநீரின் குணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது, எப்படி

ஜூன் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். மே நடுவிலிருந்தே கருநிறச் சிறு கடி ஈக்களும், அவற்றின் பின்னால் கொசுவும் படையெடுக்கும். கொடைக்கானலில் கொசுவே பார்க்காமல் வளர்ந்தவர்கள் அழுதுவிடுவார்கள். ஆகஸ்ட் பின்பாதியும் செப்டம்பரும் சிறந்தவை. உட்பகுதியில் தங்க, எந்த இரவு எந்த ஏரி என்று சொல்லி முன்பதிவு செய்ய வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன்பே பதிவு திறக்கும், நல்ல ஏரிகள் விரைவில் நிரம்பும். ஒரு முகாமிடத்தில் ஒன்பது பேருக்குமேல் கூடாது. தங்குமிடங்களை ஆரஞ்சு நிறப் பலகையும் சுமைப் பாதைகளை மஞ்சள் பலகையும் காட்டும். முதல் பயணத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் நீர்வழி, ஒரு கிலோமீட்டருக்கு மிகாத சுமைப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிக்குச் சமிக்ஞை இருக்காது. போகும் வழி, திரும்பும் நாள் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, வேலியடைத்த சொந்த முற்றத்திலோ நண்பரின் தோட்டத்திலோ இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்குங்கள். மழை பெய்யும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நலம். வீட்டுக்குள் போய் எதையும் எடுத்துவரக் கூடாது என்பதே நிபந்தனை. உப்பை மறந்தால் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் காலையில் பையைக் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: பலமுறை எடுத்தவை, ஒருமுறை எடுத்தவை, எடுக்காதவை. முதலுதவிப் பெட்டி, மழையங்கி, மாற்றுடை ஆகியவற்றைத் தவிர மூன்றாம் குவியலில் உள்ள எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டு, இரண்டாம் குவியலில் ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, மீதியை மறுபடி கட்டிப் பையோடு ஏரியை ஒரு சுற்று வந்துவிடுங்கள்.